அயிக்கோருவின் ஐந்து வோல்ட் பெட்டி

மீட்டரில் ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு காட்டியது. பேட்டரியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி, பாதி செத்த பேட்டரி, எதை இந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பெட்டியில் குற்றம் இல்லை. அரூவா சந்தையில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். அவர்களை அப்படிச் சொல்ல வைத்தவனும் நான்தான்.

என் பெயர் ஓபித்ரே. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மரவள்ளி மாவு விற்கிற பெண்களை ஒட்டி, ரேடியோவும் போனும் பழுது பார்க்கிற கடை என்னுடையது. கடை என்றால் மேலே ஒரு தகரம், கீழே ஒரு மேசை. பதினேழு வருஷமாக அதே மேசை. கிராமங்களுக்குக் கரண்ட் வரப்போகிறது என்று என் அப்பா காலத்திலிருந்து கம்பம் நடுகிறார்கள். கம்பத்தில் இதுவரை குருவிதான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆளுக்கொரு சோலார் தட்டு, ஆளுக்கொரு பழைய பேட்டரி, அதிலிருந்து போனுக்குச் சந்தையில் வாங்கிய ஏதாவது ஒரு பிளாஸ்டிக் சார்ஜர்.

அந்த சார்ஜர்களை நான் திட்டாத நாள் கிடையாது. வெளியே பளபளவென்று பச்சை விளக்கு எரியும். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரு நூல் தண்டி வயரும் கடுகளவு ரெசிஸ்டரும் இருக்கும். உச்சி வெயிலில் பேட்டரி நிறைந்து பதினான்கு வோல்ட்டுக்கு வந்தால் அவ்வளவும் நேரே போனுக்குள் பாயும். போன் வீங்கிச் செத்து என் மேசைக்கு வரும். "எப்படியாவது பாத்துக் குடு ஓபித்ரே" என்பார்கள். செத்ததை எப்படிப் பார்த்துக் கொடுப்பது? வாங்கும்போது என்னைக் கேட்டார்களா?

அயிக்கோரு என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் மோட்டார்சைக்கிளில் முக்கால் மணி நேரத் தூரத்தில், பயோவாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். புகையிலை போடுகிறவன். கெட்டவன் இல்லை. நல்லவன் என்று சொல்லவும் எனக்கு நாக்கு வராது. அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பையன், அத்ரிக்கோ.

ஒரு சந்தை நாளில் அவள் வந்து என் முக்காலியில் உட்கார்ந்தாள். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து நூல்கண்டையும் கொக்கி ஊசியையும் எடுத்துவிட்டாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மதிப்புள்ள பொருள் எதுவும் அம்மணமாக இருக்கக்கூடாது. நாற்காலி முதுகுக்கு ஒரு பின்னல் துணி, தண்ணீர்ப் பானைக்கு ஒன்று, வீட்டுக்கு ரேடியோ வந்தால் அன்றைக்கே அதற்கு ஒரு சட்டை. ஓரத்துக்குச் சீனிப்பாகில் விறைப்பு ஏற்றி, பாவாடை மாதிரி விரித்து நிறுத்துவார்கள். அதில் அயிக்கோருவை மிஞ்ச அவர்கள் ஊரில் ஆள் இல்லை.

"போன் செத்து ரெண்டு வாரமாச்சுண்ணே" என்றாள்.

"சந்திக் கடையில சார்ஜ் போட மாட்டானா உம் புருஷன்?"

"போடத்தான் கொண்டு போறாரு. போன் கடையில நிக்கும். இவரு அதுக்கு அடுத்த வீட்டு க்வெத்தே கள்ளுப் பானைகிட்ட நிப்பாரு. மூணாம் நாளு ரெண்டும் வீட்டுக்கு வரும். ரெண்டுக்கும் சார்ஜ் இருக்காது."

மாவு விற்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏ அயிக்கோரு, எம் புருஷனுக்கும் ஒரு சார்ஜர் கேளு" என்றாள் ஒருத்தி. அயிக்கோருவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் ஊசியை மடியில் வைத்துவிட்டாள்.

"வீட்ல தட்டு இருக்கு, பேட்டரி இருக்கு. கடைச் சார்ஜர்ல போட்டுத்தான் போன வருஷம் ஒரு போன் வெந்துச்சு. நீயே ஒண்ணு செஞ்சு குடுண்ணே. பாட்டுக் கேக்கவும் படம் பாக்கவும் கேக்கல. ஆபத்து அவசரம்னா உன்னக் கூப்பிடணும். அந்தப் பக்கம் எனக்குன்னு யாரு இருக்கா?"

அன்றைக்கே உட்கார்ந்தேன். செத்துப்போன ஒரு டிவியின் பலகையிலிருந்து மூன்று கால் உள்ள ஒரு ரெகுலேட்டரைக் கழற்றினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். முதல் காலில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் போகும், நடுக்கால் பேட்டரியின் மைனஸுக்கு, மூன்றாவது காலில் ஐந்து வோல்ட் வெளியே வரும். கூடுதலாக இருக்கும் ஏழு வோல்ட்டை அது தானே விழுங்கி, தன் உடம்பில் சூடாக்கித் தீர்த்துக்கொள்ளும். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். அதற்காக ஒரு பழைய அலுமினியச் சட்டியின் மூடியை உள்ளங்கை அளவுக்கு அறுத்து அதன் முதுகில் முடுக்கினேன். முன்னும் பின்னும் ஒரு கெப்பாசிட்டர் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரு பால்மாவு டப்பாவில் அடக்கி, மூடித் துண்டு மட்டும் மேலே காற்றில் நிற்கும்படி விட்டேன்.

"இந்த மூணு கால் பூச்சி என்னண்ணே பண்ணும்?" என்றாள் அயிக்கோரு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு.

"அதான் எல்லாத்தையும் பண்ணும்."

"சட்டி மூடிய எதுக்கு வெச்ச?"

"நூலப் பாரு புள்ள. கண்ணி விட்டுறப் போற."

"சொல்லேன். தெரிஞ்சுக்கிட்டா என்ன?"

"தெரிஞ்சு நீ கடை போடப் போறியா? வெளிச்சத்த மறைக்காத, தள்ளு."

தள்ளி உட்கார்ந்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஈயம் வைத்தேன். பெட்டி முடிந்ததும் மீட்டரை வைத்து அந்த எண்ணைப் பார்த்தேன். மாவுக்காரிகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அத்ரிக்கோ ரோட்டு முனைக்கே ஓடி வந்து டேங்க்கின் மேல் ஏறிக்கொண்டான். பயோவா புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தான். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. பெட்டியை வீட்டு மூலையில் மேசைமேல் வைத்து வயரை மாட்டினேன். போன் சிணுங்கிக்கொண்டு எழுந்தது. பையன் கை தட்டினான். அயிக்கோரு பின்கட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பயோவாவை வெளியே சுவரோரம் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. மேல நிக்கிற அந்தத் தகடு சுடும். சுடட்டும், அது அதோட வேலை. ஆனா மேல எதையும் போட்டு மூடாத. காத்துப் படணும். மூடுனா சூடு தாங்காம அது நின்னுக்கும், போனுக்கு ஏறாது. ஆறுனாத்தான் மறுபடி குடுக்கும்."

"சரி மச்சான்" என்றான்.

"சரின்னா போதாது. கவனிச்சுக்கிட்டியா?"

"மூடக்கூடாது. காத்துப் படணும். நான் என்ன பச்சப் புள்ளையா?"

அத்தோடு எனக்குத் திருப்தி. இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டோம், வேறு என்ன வேண்டும்? களியும் காராமணிக் கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பெட்டியை யாருக்காகச் செய்தேனோ அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் ராஜா. இரண்டு நாளைக்கு ஒரு முறை அயிக்கோரு கூப்பிடுவாள். மழை பெய்தது, கோழி அடை வைத்தது, பயோவா நேற்று நிதானத்தில் வந்தான், அதுவே ஒரு செய்தி. பின்னாலிருந்து அத்ரிக்கோ "மாமா, வண்டி கொண்டு வா, வண்டி கொண்டு வா" என்று கத்துவான். வருகிறேன் வருகிறேன் என்பேன். போகவில்லை. தினம் குரல் கேட்கிறதே, போய் என்ன செய்யப்போகிறோம் என்று இருந்துவிட்டேன். ஒரு முறை போயிருந்தால் மூலையில் மேசையைப் பார்த்திருப்பேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாசி வெயில் வந்ததும் அழைப்பு குறைந்தது. வாரத்துக்கு ஒன்றானது. நான் கூப்பிட்டால் பல நாள் போன் அணைந்து கிடந்தது. பயோவா மறுபடி சந்திக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவன்மேல் பழி போடுவதற்கு எனக்கு எப்போதும் ஆதாரம் தேவைப்பட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிளில் ஒருவன் வந்தான். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றபடி தொப்பியைக் கழற்றினான். தொப்பியைக் கழற்றினால் சாவுச் செய்தி என்று தெரியும், யார் என்பதுதான் தெரியாது.

"அத்ரிக்கோ. நேத்து மத்தியானம்" என்றான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏறிப் போனோம். வழி முழுக்க ஒண்டோகா பெரியப்பா ஒருவர்தான் பேசினார். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், கோபத்திலும் அவர்தான் மூத்தவர். "பிள்ளைக்கு முடியலைன்னா மொதல்ல தாய்மாமனுக்குச் சொல்லணும். சொல்லல. இதுக்கு அவனுங்க பதில் சொல்லாம மண்ணு தள்ள விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையேதான் நினைத்தேன்.

நடந்தது இதுதான். ஞாயிறு இரவு பையனுக்குச் சூடு இருந்திருக்கிறது. வீட்டில் இருந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். திங்கள் காலை பத்து மணிக்கு மேல் வலிப்பு வந்திருக்கிறது. பயோவா புகையிலைக் களத்துக்குப் போய்விட்டான். போனை எடுத்தால் உயிர் இல்லை. முந்தின நாள் முழுக்கப் பெட்டியில் செருகி வைத்த போன் அது. போனை மறுபடி பெட்டியிலேயே செருகிவிட்டு, சிம்மை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து சந்திக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரன் அவள் சிம்மைத் தன் போனில் போட்டிருக்கிறான். என் எண் சிம்மில் இல்லை, போனில்தான் இருந்தது. அவளுக்கு எண் மனப்பாடம் இல்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்திருக்கிறாள். பாதி வழியில் முதுகில் கனம் மாறியது தெரிந்தது என்றாள். என்னிடம் அதற்கு மேல் சொல்லவில்லை.

முற்றத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரும் தொடவில்லை. ஒண்டோகா பெரியப்பா எழுந்தார்.

"எங்க பொண்ணு வயித்துப் புள்ள. காய்ச்சல்னு ஒரு வார்த்தை எங்க காதுல போட ஆளில்லயா? மாமங்காரன் வண்டி வெச்சிருக்கான். முக்கா மணி நேரம். கூப்பிட்டிருந்தா புள்ள இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்திருக்கும். அந்த போனு எங்க இருந்துச்சு? எந்தப் பானைகிட்ட இருந்துச்சு?"

பயோவா தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய சித்தப்பா எழுந்து பதில் சொன்னார். "போனு வீட்லதான் இருந்துச்சு. உங்க பையன் செஞ்சு குடுத்த பொட்டியில பகல் பூரா சொருகிக் கெடந்துச்சு. ஏறலை. ஒரு மாசமாவே சரியா ஏறலையாம். எங்களக் கேக்குறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டியப் பாருங்க."

"எம் பொட்டியச் சொல்லாதீங்க" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.

உள்ளே பாயில் பையனைத் துணியால் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அயிக்கோரு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் மூலைக்குப் பார்வையைத் திருப்பினேன். மேசைமேல் என் பெட்டி இருந்தது. பெட்டி தெரியவில்லை, அதன் சட்டைதான் தெரிந்தது. நீல நூலில் பின்னல், மஞ்சளில் ஓரம், ஓரத்துக்கு விறைப்பு ஏற்றிப் பூ மாதிரி விரித்திருந்தாள். போன் இன்னும் செருகியபடியே கிடந்தது. யாருக்கும் அதைக் கழற்றத் தோன்றியிருக்காது.

சட்டையைத் தூக்கினேன். உள்பக்கம் சிவப்பு மல்லுத் துணியை மடித்துக் கெட்டியாகத் தைத்திருந்தது. தகடு கையைச் சுட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்லாத்தாண்ணே வெச்சிருந்தேன்" என்றாள் பின்னாலிருந்து. குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "நீ செஞ்சு குடுத்ததுன்னு ஒரு பொட்டுத் தூசி பட விட்டதில்ல. பின்னல் ஓட்டை வழியா மண்ணு வருதுன்னு போன மாசம் உள்துணிகூட வெச்சுத் தெச்சேன். அப்புறமும் ஏண்ணே ஏறல?"

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒண்டோகா பெரியப்பாவின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. நான் வெளியே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'மூடாதேன்னு உங்கிட்டச் சொன்னேனா இல்லையா பயோவா?' என் பெட்டி ஜெயிக்கும், என் பேர் ஜெயிக்கும், எங்கள் பக்கம் ஜெயிக்கும். பயோவா அத்தனை பேர் நடுவில் புழுவாய் நெளிவான். அதற்கப்புறம் எல்லோரும் கேட்பார்கள், மூடியது யார் என்று.

நான் நின்றுகொண்டிருந்தபோதே தகடு ஆறிவிட்டது. போன் சிணுங்கிக்கொண்டு வெளிச்சம் போட்டது.

அயிக்கோரு நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப ஏறுதே" என்றாள். "எப்படிண்ணே இப்ப ஏறுது? நீ என்ன பண்ணுன?"

அவள் முட்டாள் இல்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் என் கையில் இருக்கும் சட்டையைப் பார்த்துவிடுவாள்.

"ஒட்டு விட்டிருக்கு" என்றேன். "அசைச்சா ஏறுது, விட்டா நிக்குது. உள்ள ஈயப்பற்று சரியில்ல. எம் மேல தப்பு."

போனைப் பிடுங்கினேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவுக்குள் விரலை விட்டு அந்த மூன்று கால் பூச்சியின் முதல் காலை இப்படியும் அப்படியும் மடக்கினேன். மூன்றாவது மடக்கில் ஒடிந்தது. பதினேழு வருஷத்தில் நான் செய்த பொருள்களிலேயே சுத்தமானது அது. சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பொட்டியிலதான் தப்பு" என்றேன். "நான் சரியா ஒட்டல. இந்தா, காலு விட்டுப் போயிருக்கு, பாருங்க."

பயோவா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவானோ என்றுகூடப் பயந்தேன். எவ்வளவு முட்டாள்தனமான பயம்.

"பாத்தீங்களா!" என்று எழுந்தான். "என்னக் குடிகாரன்னீங்க. எம் புள்ள போச்சே! இவன நம்பி ஊட்ல இந்தக் குப்பைய வெச்சோமே! மெக்கானிக்காம், மெக்கானிக்!" நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அழுகை நிஜம்தான். அந்த அழுகையில் பாதி என்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் பக்கம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒண்டோகா பெரியப்பா என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சபையில நம்ம வாய நீயே அடச்சிட்டியேடா" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. தண்டம் கேட்கப் போன நாங்கள் தண்டமாக ஒரு ஆட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

புதைத்து முடிந்து கிளம்பும்போது அயிக்கோரு வாசலுக்கு வந்தாள். கையில் அந்தச் சட்டையை மடித்து வைத்திருந்தாள்.

"அன்னிக்கு உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன்ல? காட்டியிருந்தா, ஒட்டு விட்டதையாவது நான் பாத்திருப்பேன்ல?" என்றாள்.

அதைவிட ஒரு அடி அடித்திருக்கலாம். பொய்யிலிருந்து கிளம்பி நேராக உண்மையில் வந்து குத்திவிட்டாள். வண்டியில் ஏறிக்கொண்டேன்.

எங்கள் சந்தையில் செய்தி நடக்காது, ஓடும். ஒரு வாரத்துக்குள் என் மேசைக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். "சார்ஜர் மட்டும் வேண்டாம்பா, ரேடியோவ மட்டும் பாரு" என்று சொல்கிற அளவுக்கு மரியாதை வைத்திருந்தவர்கள் சிலர். நான் செய்து கொடுத்த பெட்டிகளை நான்கைந்து பேர் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். எல்லாவற்றையும் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஐந்துதான். அதே சந்தையில் பச்சை விளக்குச் சார்ஜர்கள் மலை மாதிரி குவிந்து விற்றன. வாங்கியவர்களை நான் திட்டுவதை விட்டுவிட்டேன். திட்டுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டுமே.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் பயோவா வந்தான். மேசைக்கு எதிரே நின்றான், உட்காரவில்லை. நான் கையில் இருந்த ரேடியோவை விடவில்லை.

"எப்ப ஞாபகம் வந்துச்சு உனக்கு?" என்றேன்.

புரியாத மாதிரி நடிக்கவில்லை, அதற்காக அவனை மெச்சத்தான் வேண்டும். "அவ பின்ன ஆரம்பிச்ச அன்னிக்கே" என்றான். "மொதல்ல ஓட்டை ஓட்டையாத்தான் பின்னுனா. காத்துப் போகுமேன்னு விட்டுட்டேன். போனும் ஏறத்தான் செஞ்சுச்சு. அப்புறம் உள்துணி வெச்சா. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் மச்சான். அன்னிக்குன்னு பாத்து எங்க சின்னம்மா, தம்பி பொண்டாட்டி எல்லாரும் வந்து, டவுன் வீடு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டிருந்தாங்க. அவ மொகத்தப் பாத்தேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

அவ்வளவுதான். அவன் செய்தது அவ்வளவுதான். எழுந்து அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன். கை எழவில்லை. காரணம் உண்டு. அவன் மறந்தான், ஆனால் அவனிடம் ஒரு முறையாவது சொல்லப்பட்டது. அவளிடம் யார் சொன்னது? என் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கேட்டாள். இது மூடினால் மூச்சு முட்டும் என்று ஐந்து விநாடியில் சொல்லியிருக்கலாம். அவள் நூல் போடும் முறையையே மாற்றியிருப்பாள். உலகத்துக்கே துணி போர்த்துகிற ஒருத்தியிடம், போர்த்தாதே என்பதை மட்டும் சொல்லாமல், அவள் புருஷனிடம் போய்ச் சொன்னவன் நான்.

"அவகிட்டச் சொல்லிடாத" என்றேன்.

"சொல்ல மாட்டேன்." திரும்பி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான். "அவ மறுபடி முழுகாம இருக்கா" என்றான். பிறகு போய்விட்டான்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்து ஆள் சொல்லி அனுப்பினாள், மாமன் வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். சோப்பும் சீனியும் ஒரு கஜம் பூத்துணியும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். மூலையில் மேசை வெறுமையாக இருந்தது. வீட்டில் எந்த நாற்காலியிலும் பின்னல் துணி இல்லை. அவள் கையும் சும்மாதான் இருந்தது.

குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினாள். அத்ரிக்கோவின் நெற்றி அப்படியே இருந்தது. "பேரு வெச்சாச்சா?" என்று கேட்டேன்.

"வெச்சாச்சு" என்றாள். பயோவா எழுந்து வெளியே போனான்.

எங்கள் பக்கத்தில் பெற்றவள்தான் பெயர் வைப்பாள். வாயால் சொல்ல முடியாததை, சொல்ல வேண்டிய ஆளுக்குப் பிள்ளையின் பெயரில் சொல்லிவிடுவாள். மாமியாருக்குச் சொல்வார்கள், புருஷனுக்குச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை சாகும்வரை அதைச் சுமக்கும், கேட்க வேண்டியவனும் ஒவ்வொரு முறையும் கேட்பான். அவள் சொன்ன பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். 'கூடப் பிறந்தவனை நம்பிக் கெட்டேன்' என்று அதற்கு அர்த்தம்.

நான் குழந்தையைப் பார்த்தேன். இந்தப் பெயரை மாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் ஒரு நீலச் சட்டையும் அதன் உள்ளே ஒரு சிவப்புத் துணியும் இருக்கும்.

"கூப்பிடுண்ணே" என்றாள் அயிக்கோரு. "மாமன் வாயால ஒரு தடவ கூப்பிடு."

கூப்பிட்டேன்.

"அவளுக்குக் கேக்கல" என்றாள். "சத்தமாக் கூப்பிடு."